வேறு சபையாரோடு சேர்ந்து ஜெபிக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்கிற இடத்தில் நீங்கள் நான்கு பேர் மதிய இடைவேளையில் பத்து நிமிடம் சேர்ந்து ஜெபிக்கிறீர்கள். ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் ஆர்த்தடாக்ஸ், ஒருவர் பெந்தெகொஸ்தே, நீங்கள் லுத்தரன். உங்கள் போதகர் இதைக் கேள்விப்பட்டு, சத்தியத்தில் ஒன்றாகாதவர்கள் ஜெபத்தில் ஒன்றாக முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரே இயேசு, ஒரே வேதம், அப்புறம் ஏன் இத்தனை சபைகள்? இவை என்றைக்காவது ஒன்றாகுமா? அதுவரை நாங்கள் என்ன செய்வது? இதுதான் உங்கள் கேள்வி.

ஜெபிக்கலாம். நிறுத்திவிடாதீர்கள். ஆனால் உங்கள் போதகர் சொன்னதை அற்பமாக எண்ணிவிடவும் வேண்டாம். சபைகள் பிரிந்ததற்குப் பின்னால் வீம்பு மட்டுமா இருந்தது? மனிதர்கள் உயிரைக் கொடுத்துக் காத்த நம்பிக்கைகளும் இருந்தன. "எல்லாம் ஒன்றுதான், இந்த வித்தியாசமெல்லாம் மனிதர் உண்டாக்கியது" என்று சொல்லி முடித்துக்கொள்கிற ஒற்றுமை, கனமான கேள்வி ஒன்று வந்ததுமே உடைந்துபோகும். சபைகளுக்கிடையேயான உரையாடல் கூட்டங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். எதில் வேறுபடுகிறோம் என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டவர்கள்தான் அங்கே நெருங்கி வந்தார்கள். மழுப்பியவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோனார்கள்.

முதலில் ஒரு எண்ணை ஒதுக்கிவிடலாம். உலகத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல் கிறிஸ்தவ சபைகள் இருப்பதாக அடிக்கடி சொல்கிறார்கள். அந்தக் கணக்கு நாட்டுக்கு நாடு தனித்தனியாக எண்ணப்பட்டது. ஒரே சபை நூறு நாடுகளில் இருந்தால் நூறாகிவிடும். உண்மையில் உலகக் கிறிஸ்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கத்தோலிக்கர். மீதியில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ், ஆங்கிலிக்கன், லுத்தரன், சீர்திருத்த சபைகள், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே என்ற சில பெரிய குடும்பங்களுக்குள் அடங்கிவிடுவார்கள். அதற்காகப் பிரிவு சின்னது என்று சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கையைக் கேட்டு மலைத்துப்போய், இது தீராத காரியம் என்று கைவிட வேண்டியதில்லை.

ஆதிச் சபை ஒற்றுமையாக இருந்தது, பின்னால் வந்தவர்கள்தான் கெடுத்தார்கள் என்கிற பேச்சும் சரியல்ல. கொரிந்து சபையில் ஒருவன் நான் பவுலைச் சேர்ந்தவன் என்கிறான், இன்னொருவன் நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்கிறான். "கிறிஸ்து பிரிந்திருக்கிறாரா?" என்று பவுல் கேட்டது அவர்களைப் பார்த்துத்தான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கலாத்தியர் 2ஆம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொள்கிறார். பவுல் எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேராக அவரைக் கண்டிக்கிறார். இரண்டு பெரிய அப்போஸ்தலர்களுக்கு நடுவே நாம் அறிந்த அந்த வாக்குவாதம் எதைப் பற்றியது பாருங்கள்: யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதைப் பற்றி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சபைகளின் சண்டை எங்கே தொடங்கினாலும் கடைசியில் பந்திக்கு வந்துதான் நிற்கிறது.

பிரிவுகளின் கதை முழுவதையும் இங்கே சொல்ல முடியாது. மூன்று இடங்களை மட்டும் காட்டுகிறேன்.

முதலாவது 451ஆம் ஆண்டில் ஆயர்கள் கூடிய கல்கெதோன் சங்கம். கிறிஸ்து முழுமையாகத் தேவன், முழுமையாக மனிதன் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் இல்லை. அதை எப்படிச் சொல்வது என்பதில்தான் முறிந்தது. இரண்டு இயல்புகள் என்று சங்கம் சொன்னது. எகிப்தின் காப்டிக் சபை, சிரியன், ஆர்மீனிய சபைகள் முதலானவை அந்தச் சொல்லை ஏற்கவில்லை. அவர்கள் காதுக்கு அது கிறிஸ்துவை இரண்டாகக் கிழிப்பதுபோல் கேட்டது. 'இயல்பு' என்பதற்குரிய கிரேக்கச் சொல்லை ஒரு தரப்பு ஒரு பொருளிலும் மறு தரப்பு வேறு பொருளிலும் எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குமேல் பேரரசின் அதிகாரமும் படையும் புகுந்து, ஏற்காதவர்களைத் துன்புறுத்தியதால் காயம் ஆழமாகிவிட்டது. 1973 மே மாதத்தில் போப் ஆறாம் பவுலும் காப்டிக் சபையின் தலைவர் மூன்றாம் ஷெனூதாவும் ரோமில் சேர்ந்து ஒரு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கிறிஸ்து தெய்வீகத்தில் நிறைவானவர், மனிதத்தில் நிறைவானவர், அவை கலக்காமலும் பிரியாமலும் அவரில் ஒன்றாயிருக்கின்றன என்று இருவரும் ஒரே வாயால் சொன்னார்கள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழித்து! ஒருவர் மற்றவருடைய சொல்லுக்குப் பின்னால் இருந்த பயத்தைக் கேட்டிருந்தால் எத்தனை தலைமுறைகளின் வேதனை மிச்சமாகியிருக்கும் என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இரண்டாவது 1054. ஜூலை 16ஆம் தேதி கான்ஸ்டான்டினோபிளின் ஹாகியா சோஃபியா ஆலயத்தில் ஆராதனை தொடங்கப்போகிற நேரம். ரோமிலிருந்து வந்த கர்தினால் ஹம்பர்ட் உள்ளே நுழைந்து, அந்த நகரத்துச் சபையின் தலைவரான முதற்குரு மிகாயேல் கெருலாரியோசைச் சபைநீக்கம் செய்யும் ஓலையைப் பலிபீடத்தின்மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். ஓர் உதவிக்குரு பதறிப்போய் அவர் பின்னாலேயே ஓடினார், தயவுசெய்து இதைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். ஹம்பர்ட் வாங்க மறுத்தார். ஓலை தெருவில் விழுந்தது. அவரை அனுப்பிய போப் ஒன்பதாம் லியோ அதற்கு மூன்று மாதம் முன்பே இறந்துபோயிருந்தார். விசுவாசப் பிரமாணத்திலிருந்து ஒரு சொல்லைக் கிரேக்கர்கள் நீக்கிவிட்டார்கள் என்பது ஓலையில் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. உண்மையில், பரிசுத்த ஆவி பிதாவிடத்திலிருந்து மட்டுமல்ல, 'குமாரனிடத்திலிருந்தும்' புறப்படுகிறார் என்கிற அந்தச் சொல்லை இலத்தீன் சபைதான் பின்னாளில் சேர்த்திருந்தது. அன்றைக்கு இது இரண்டு தலைவர்களின் சண்டையாகத்தான் இருந்தது. 1204இல் சிலுவைப் போர்வீரர்கள் அதே நகரத்தைக் கொள்ளையடித்து அதே ஆலயத்தைத் தீட்டுப்படுத்தியபோதுதான் அது சாதாரண ஜனங்களின் மனதில் பிரிவாக இறங்கிவிட்டது. 1965 டிசம்பர் 7இல் போப் ஆறாம் பவுலும் முதற்குரு அத்தனாகோரசும் 1054இன் சபைநீக்கங்களை நினைவிலிருந்தே அகற்றுவதாக ரோமிலும் இஸ்தான்புல்லிலும் ஒரே நேரத்தில் வாசிக்கச் செய்தார்கள். இருந்தும் இன்றுவரை இரு சபைகளும், அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்தில் ஒன்றாகப் பங்குபெறுவதில்லை. கோபம் தீர்ந்தாலும் கேள்வி மிஞ்சியிருக்கிறது. ரோமின் ஆயருக்கு, அதாவது போப்புக்கு, மற்றச் சபைகள்மேல் என்ன அதிகாரம் என்பதுதான் அந்தக் கேள்வி.

மூன்றாவது உங்கள் வீட்டுக் கதை. 1529 அக்டோபர், மார்புர்க் கோட்டை. ஹெஸ்ஸே நாட்டு இளவரசர் ஃபிலிப்பு, லுத்தரையும் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தத் தலைவர் சுவிங்கிலியையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிறார். சீர்திருத்தம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. பேச்சு தொடங்குவதற்கு முன்பே லுத்தர் ஒரு சாக்கட்டியை எடுத்து மேசையின்மேல் "இது என் சரீரம்" என்று இலத்தீனில் எழுதி, அதைத் துணியால் மூடிவிட்டார். வாதம் முற்றியபோது துணியை விலக்கிக் காட்டினார். இந்த எழுத்தைத் தாண்டி நான் வர மாட்டேன் என்பதுதான் அவர் நிலை. சுவிங்கிலி, அந்த வாக்கியத்தில் 'குறிக்கிறது' என்றுதான் பொருள் என்றார். கடைசியில் பதினைந்து தலைப்புகளில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். பதினாலில் முழு உடன்பாடு. பதினைந்தாவது திருவிருந்து. அதிலும் பெரும்பகுதியில் உடன்பட்டு, கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் அப்பத்திலும் ரசத்திலும் சரீரப்பிரகாரமாய் இருக்கின்றனவா என்ற ஒரே இடத்தில் நின்றுவிட்டார்கள். அந்த ஒரே இடத்துக்காக இரண்டு பெரிய சபைக் குடும்பங்கள் நூற்றாண்டுக் கணக்கில் தனித்தனிப் பந்தியில் உட்கார்ந்தன. 1973இல் லொய்யன்பெர்க் என்ற இடத்தில் ஐரோப்பாவின் லுத்தரன் சபைகளும் சீர்திருத்த சபைகளும் ஒருவர் பந்தியை ஒருவர் ஏற்றுக்கொண்டன. மார்புர்க்குக்குப் பின் 444 ஆண்டுகள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சில பிரிவுகளுக்குச் சொற்கள் காரணம். சில பிரிவுகள் அதிகாரத்தாலும் அவமானத்தாலும் வந்தவை. சிலவற்றின் நடுவில் மெய்யாகவே மனச்சாட்சியைத் தொடுகிற ஒரு கேள்வி இருக்கிறது. பெரும்பாலும் மூன்றும் ஒரே கயிறாக முறுக்கிக் கிடக்கும். பொறுமையாகப் பிரித்தால்தான் எது எந்தப் புரி என்று தெரியும்.

இந்தக் கயிற்றைப் புரி புரியாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியவர்கள் யார் என்றால், மிஷனெரிகள் என்றுதான் சொல்ல வேண்டும். கிறிஸ்துவைப் புதிதாக அறிகிற ஜனங்களிடம் போய், தங்கள் ஊரின் பழைய சண்டையையும் கூடவே கொண்டுபோய் இறக்குகிறோமே என்கிற வெட்கம் அவர்களைக் குத்தியது. 1910இல் எடின்பரோவில் ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் கூடிய உலக மிஷனெரி மாநாட்டைத்தான் சபைகளை ஒன்றுசேர்க்க முயலும் நவீன ஐக்கிய இயக்கத்தின் தொடக்கம் என்பார்கள். அங்கே கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இல்லை. ஆசியாவிலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அந்தச் சிலரில் ஒருவர் தமிழ்நாட்டு ஆங்கிலிக்கன் குருவான வேதநாயகம் சாமுவேல் அசரியா. நீங்கள் ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மேடையில் நின்று கேட்டார். அரங்கில் பலருக்கு அது சுட்டது. ஒருவரையொருவர் சமமாக நடத்தாத இடத்தில் ஐக்கியம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதை அவர் அன்றைக்கே பார்த்துவிட்டார்.

அதே அசரியா 1919இல் தரங்கம்பாடியில் கூடிய 33 பேரில் ஒருவர். அவர்களில் இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். இந்தப் பிரிவுகள் நாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றைத் தொடர்ந்து சுமக்க எங்களுக்கு விருப்பமில்லை என்று அங்கிருந்து அறிக்கை விட்டார்கள். சபைகளை இணைக்கும் பேச்சுவார்த்தை 28 ஆண்டு இழுத்தது. இழுத்ததற்கு முக்கியக் காரணம் ஆயர் (பிஷப்) பதவி. ஆங்கிலிக்கன் சபைக்கு, ஆயர் கைவைத்து அபிஷேகம் செய்யாதவர் முறையான குரு ஆக முடியாது. பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் சபைகளில் ஆயரின் கைவைப்பு இல்லாமலேயே தலைமுறை தலைமுறையாக ஊழியம் நடந்துவந்தது. உங்கள் குருப்பட்டம் செல்லாது, மறுபடி அபிஷேகம் பெறுங்கள் என்று அவர்களிடம் சொன்னால், இத்தனை ஆண்டுகள் அவர்கள் கொடுத்த திருவிருந்தெல்லாம் என்ன ஆவது? கடைசியில் கிடைத்த வழி இது: இணைகிற நாளில் இருக்கிற எல்லா குருக்களும் அப்படியே ஏற்கப்படுவார்கள், யாருக்கும் மறு அபிஷேகம் இல்லை, அன்றிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு ஆயர்களே அபிஷேகம் செய்வார்கள். இப்படித்தான் 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆயர் உள்ள சபையும் ஆயர் இல்லாத சபைகளும் இப்படி ஒன்றாக இணைந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. அசரியா அதைக் காண உயிரோடில்லை. 1945 ஜனவரி முதல் நாள் காலமாகிவிட்டார்.

அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, யாரையும் தோற்றவராக்காமல் வைத்தது. உன் கடந்த காலம் செல்லாது என்று எவரிடமும் சொல்லவில்லை. இன்றைய ஐக்கியப் பேச்சுகள் முட்டி நிற்கிற இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தரப்பு மற்றவருடைய கடந்த காலத்தைச் செல்லாததாக்கச் சொல்லும் இடமாகத்தான் இருக்கும்.

1948இல் ஆம்ஸ்டர்டாமில் 147 சபைகள் சேர்ந்து உலகத் திருச்சபைகள் மன்றத்தைத் தொடங்கின. இன்று அதில் ஏறக்குறைய 350 சபைகள். இது சபைகளுக்கு மேலான ஒரு பெரிய சபை அல்ல, உட்கார்ந்து பேசுவதற்கான ஒரு கூடம் மட்டுமே. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு பயப்படுகிறார்கள்.

இப்போது உங்கள் போதகர் சொன்னதற்கு வருகிறேன். சத்தியத்தில் ஒன்றாகாதவர்கள் ஜெபத்தில் ஒன்றாக முடியாது என்பதை அவருக்கு முன்பே உறுதியாகச் சொன்னவர்கள் உண்டு. 1928இல் போப் பதினொன்றாம் பயஸ் ஒரு சுற்றுமடல் எழுதி, இப்படிப்பட்ட ஐக்கியக் கூட்டங்களில் கத்தோலிக்கர் கலந்துகொள்ளக் கூடாது என்று தடுத்தார். ஒற்றுமை என்ற பெயரில் சத்தியம் கரைந்துபோகும் என்பது அவர் பயம். அந்தப் பயம் நேர்மையானது. 36 ஆண்டு கழித்து, 1964 நவம்பர் 21இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒற்றுமை பற்றிய தன் ஆவணத்தில், ஒற்றுமைக்கான ஜெபங்கள் போன்ற வேளைகளில் மற்றச் சபையாரோடு சேர்ந்து ஜெபிக்கலாம், அது விரும்பத்தக்கதும்கூட என்று சொன்னது. பிரிவுக்கு இரு தரப்பிலும் குற்றம் உண்டு என்று ஒப்புக்கொண்டது. பிரிந்த சகோதரரிடம் மன்னிப்பும் கேட்டது. சத்தியத்தை விட்டுக்கொடுத்தா அந்த மாற்றம் வந்தது? தன் போதனை எதையும் அந்தச் சபை விலக்கிக்கொள்ளவில்லை. மற்றவர்களிடமும் ஞானஸ்நானம் இருக்கிறது, வேதம் இருக்கிறது, ஆவியானவரின் கனிகள் இருக்கின்றன என்று கண்ணைத் திறந்து பார்த்ததுதான் வித்தியாசம்.

லுத்தரன் என்பதால் 1999 அக்டோபர் 31ஐ நீங்கள் அறிந்திருக்க வேண்டும். சீர்திருத்த நாளன்று, ஜெர்மனியின் ஆக்ஸ்புர்க் நகரத்தில், லுத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எந்தக் கேள்வியில் பிளந்தார்களோ அதே கேள்வியில். நம்முடைய புண்ணியத்தினால் அல்ல, கிருபையினாலே மட்டும், கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தில் தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார். நம் இருதயத்தைப் புதுப்பித்து நற்கிரியைகளுக்கு அழைக்கிற ஆவியானவரையும் தருகிறார் என்று சேர்ந்து அறிக்கையிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஒருவர்மேல் ஒருவர் வீசிய சாபங்கள், இந்த அறிக்கையில் விளக்கப்பட்டிருக்கிற போதனையைத் தொடுவதில்லை என்றும் எழுதினார்கள். பிறகு மெதடிஸ்டுகளும் சீர்திருத்த சபைகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். உங்கள் போதகரோடு உட்கார்ந்து அந்த அறிக்கையைப் பத்தி பத்தியாக வாசியுங்கள். நாற்பது ஐம்பது பத்திகள்தான்.

சரி, இத்தனை உடன்பாடு வந்த பிறகும் ஏன் ஒரே திருவிருந்தில் பங்குபெற முடிவதில்லை? இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மிக அதிகமாக மனம் புண்படுவது இங்கேதான்.

என் நெருங்கிய நண்பர் ஒருவர் கத்தோலிக்கர். அவருடைய அடக்கத் திருப்பலிக்குப் போயிருந்தேன். நற்கருணை நேரம் வந்தது. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். என் பக்கத்தில் இருந்தவர்கள் நகர நகர, நான் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அந்த நீண்ட பெஞ்சில் கடைசியில் நான் ஒருவன்தான் மிஞ்சினேன். நாற்பது வருடம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவனுடைய கடைசிப் பந்தியில் எனக்கு இடமில்லை. நண்பரின் மனைவி திரும்பி வரும்போது என் தோளில் ஒரு நொடி கைவைத்துவிட்டுப் போனார். அந்தக் கையின் பாரம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

ஆனாலும் அது வெறுப்பினால் வந்த விதி இல்லை என்று எனக்குத் தெரியும். கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கும் திருவிருந்து என்பது முழு ஒற்றுமையின் அடையாளம். விசுவாசத்திலும் ஆயர் பணியிலும் ஒன்றானவர்கள் சேர்ந்து உண்பது அது. இன்னும் ஒன்றாகாதவர்கள் சேர்ந்து உண்டால், இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுவதாகும் என்று நினைக்கிறார்கள். சீர்திருத்த மரபின் பல சபைகளோ, இது கர்த்தருடைய பந்தி, அழைப்பவர் அவர், ஞானஸ்நானம் பெற்ற எவரையும் தடுக்க நாம் யார் என்று நினைக்கின்றன. சேர்ந்து உண்பதுதான் ஒற்றுமைக்கு வழி என்பது அவர்கள் எண்ணம். முந்தியவர்களுக்குப் பந்தி பயணத்தின் முடிவு, பிந்தியவர்களுக்கு அது வழிச்சோறு. இரண்டு பக்கமும் பந்தியை மிக மேலாக மதிப்பதால்தான் இந்தச் சண்டையே. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், நான் வழிச்சோறு பக்கம். ஆனால் அதைச் சொல்லிவிட்டு மற்றவர்கள் வீட்டில் போய்க் கையை நீட்ட மாட்டேன். அவர்கள் மனச்சாட்சியை மதிக்காமல் நான் அடையும் ஒற்றுமை எனக்கு மட்டும்தான் ஒற்றுமை.

ஞானஸ்நானத்தில் நிலைமை எவ்வளவோ பரவாயில்லை. தண்ணீராலும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தாலும் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்கிறது. உங்களுக்கு மறுபடி கொடுக்காது. 2007இல் ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரத்தில் பதினொரு சபைகள் ஒன்றையொன்று இப்படி ஏற்றுக் கையெழுத்திட்டன. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகளோடு மட்டும் இது எளிதாக இல்லை. உங்கள் பெந்தெகொஸ்தே நண்பர், நீங்கள் குழந்தையாகப் பெற்றதை ஞானஸ்நானமாகவே கருதாமல் இருக்கலாம். அது உங்களுக்கு வலிக்கும். அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். விசுவாசியாத ஒருவருக்கு எப்படி ஞானஸ்நானம் கொடுப்பது என்று அவர் கேட்பதும் அவசியமான கேள்விதான்.

பெண்களின் குருத்துவம், பாலியல் ஒழுக்கம் போன்ற புதிய பிளவுகள் இன்று சபைகளுக்கு நடுவே ஓடுவதைவிட ஒரே சபைக்குள்ளேயே அதிகம் ஓடுகின்றன. அது தனியாக எழுத வேண்டிய விஷயம், இங்கே விட்டுவிடுகிறேன்.

அதுவரை என்ன செய்வது என்று கேட்டீர்களே, அதற்கு நான் அறிந்ததில் சிறந்த பதில் 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் கூடிய மாநாடு தந்தது. ஆழ்ந்த மனச்சாட்சி வேறுபாடு நம்மைத் தனித்தனியாகச் செய்யக் கட்டாயப்படுத்துகிற காரியங்களைத் தவிர, மற்ற எல்லாவற்றையும் நாம் சேர்ந்தே செய்ய வேண்டாமா என்று அது சபைகளைப் பார்த்துக் கேட்டது. கணக்கு தலைகீழாக மாறுவதைக் கவனியுங்கள். சேர்ந்து செய்வதற்குக் காரணம் தேடத் தேவையில்லை, தனியாகச் செய்வதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்கப் போவதற்கு என்ன காரணம் சொல்லித் தனியாகப் போவீர்கள்? வேதம் வாசிக்க? பசித்தவருக்குச் சோறு போட? தமிழில் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இப்படிச் சேர்ந்து செய்ததுதான். நாம் ஞானஸ்நானம் என்பதைக் கத்தோலிக்கர் திருமுழுக்கு என்கிறார்கள். நமக்குப் பரிசுத்த ஆவி, அவர்களுக்குத் தூய ஆவி. இரண்டு பக்கத்து அறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக ஒத்துப்போய் எழுதினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துன்புறுத்துகிறவர்கள் சபைப் பெயரைக் கேட்பதில்லை. 1886 ஜூன் 3ஆம் தேதி உகாண்டாவின் நமுகோங்கோவில் அரசன் இரண்டாம் முவாங்கா இளைஞர்களை உயிரோடு எரித்தபோது, கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் ஒரே நெருப்பில்தான் வெந்தார்கள். 2015இல் லிபியக் கடற்கரையில் கழுத்தறுக்கப்பட்ட 21 பேரில் இருபது பேர் எகிப்தியக் காப்டிக் கிறிஸ்தவர்கள், ஒருவர் கானாவைச் சேர்ந்தவர். 2023இல் போப் பிரான்சிஸ் அந்த 21 பேரையும் ரோமன் இரத்தசாட்சிகள் பட்டியலில் சேர்த்தார். கல்கெதோனில் பிரிந்துபோன சபையின் பிள்ளைகள் அவர்கள். இன்றைக்கும் அந்தச் சபையோடு ஒரே திருவிருந்து இல்லை. ஆனால் பிப்ரவரி 15ஆம் தேதி அவர்கள் ரோமிலும் நினைக்கப்படுகிறார்கள்.

உங்கள் பத்து நிமிடத்துக்கு இரண்டொரு யோசனை. ஒருவர் சபையைப் பற்றி இன்னொருவர் விளக்கம் சொல்லாதீர்கள், அவரவர் சொல்லட்டும். மரியாளைப் பற்றி, அந்நியபாஷையைப் பற்றி, சின்ன வயதிலிருந்து நாம் கேட்டு வைத்திருப்பதில் பாதி, எதிர்த் தரப்பு சொன்ன கதை. ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒற்றுமைக்கான ஜெப வாரம் என்று 1908இலிருந்து உலகமெங்கும் ஜெபிக்கிறார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் அவரவர் சபை செய்த ஒரு தவறுக்காக அவரவரே மன்னிப்புக் கேட்டு ஜெபியுங்கள். இதை நான் ஒரு கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அந்த அறையில் பேச்சின் தொனியே மாறிவிட்டது.

அப்புறம், கர்த்தருடைய ஜெபம். நீங்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். நால்வரும் சேர்ந்து சொல்லிக்கொண்டே வருவீர்கள். "தீமையினின்று எங்களை இரட்சித்துக்கொள்ளும்" என்ற இடத்தில் கத்தோலிக்க நண்பர் நிறுத்திவிடுவார். நீங்களும் பெந்தெகொஸ்தே நண்பரும் "ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்" என்று தொடர்வீர்கள். ஆர்த்தடாக்ஸ் நண்பருக்கோ அந்த முடிவைக் குருவானவர் சொல்லிக் கேட்டுத்தான் பழக்கம். மத்தேயுவின் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வரி இல்லை, வழிபாட்டிலிருந்து அது உள்ளே வந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலியிலும் அதே வரி உண்டு; நடுவில் குருவானவர் ஒரு சிறு ஜெபம் சொன்ன பிறகு மக்கள் அதைச் சொல்வார்கள். ஆக நால்வரிடமும் அந்த வரி இருக்கிறது, வருகிற இடம்தான் வேறு. எங்கள் கூட்டத்தில் நாங்கள் இப்படிச் செய்துகொண்டோம்: அந்த இடம் வந்ததும் எல்லாரும் ஒரு மூச்சு நிறுத்துவோம், பிறகு எல்லாரும் சேர்ந்து முடிப்போம்.

உங்கள் போதகரை ஒரு நாள் மதியம் வரச் சொல்லுங்கள். வாதம் பண்ணுவதற்கு அழைக்க வேண்டாம். ஜெபம் முடிந்ததும் எப்படியும் நால்வரும் சாப்பாட்டைத் திறந்து வைத்து உட்காரத்தானே போகிறீர்கள், அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். ஜெபத்தின் கடைசியில் வருகிற அந்த ஒரு மூச்சை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அவர் மட்டும் தனியாகத் தொடங்கிவிடுவார்.